தொட்டிச் செடிகளும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் முறையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் நயினார்கோவில் வட்டாரம் வானம் பார்த்த பூமியாகும். இம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. மற்ற மாதங்களில் கண்மாய் வற்றி, கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இத்தகைய ஊர்களில் வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவது எளிதன்று. ஆகையால் பல வீடுகளில் பெண்மக்கள் முற்றத்திலும், திண்ணையோரத்திலும், மாடியிலும் மண்தொட்டி, பழைய தகரம், சிமெண்டுப் பை முதலியவற்றில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, மல்லிகை, செம்பருத்தி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை வளர்த்து வருகின்றனர்.

இச்செடிகளில் பெரும்பாலானவை விலைக்கு வாங்கப்பட்டவை அல்ல. ஒரு வீட்டில் தழைத்த செடியின் குச்சி அடுத்த வீட்டுக்குப் போகிறது. மகளைப் பார்க்கப் பரமக்குடிக்குச் சென்ற தாய், திரும்பும்போது பதியன் ஒன்றைக் கொண்டுவருகிறாள். இப்பழக்கம் மிகவும் நல்லது. பணச் செலவின்றிப் பல வகைச் செடிகள் ஊரெங்கும் பரவுகின்றன. அவற்றோடு வளர்ப்பு முறைகளும் பரவுகின்றன. ஆயினும் கொடுப்பவரும் வாங்குபவரும் சில விஷயங்களைக் கவனியாவிடில், திண்ணையில் வைத்த ஒரு தொட்டியினால் ஊர்ப் புறத்து மிளகாய்ப் புஞ்சைக்கே தீங்கு நேரக்கூடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டியும் மண்ணும்

தொட்டியின் அடியில் துவாரம் இருத்தல் அவசியம். துவாரத்தின்மேல் ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஓர் அங்குலம் மணல் பரப்ப வேண்டும். கரிசல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புதல் கூடாது. அது நனைந்தால் உப்பி இறுகும். காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றும் நீர் வேருக்குச் சேராமல் அந்த இடைவெளி வழியாகவே வடிந்துபோகும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பாகமாகக் கலந்து நிரப்புவது நலம். தென்னை நார்க் கழிவு கிடைப்பின், அதைப் பலமுறை நல்ல நீரில் அலசி, மக்கவைத்த பின்னரே சேர்க்க வேண்டும். அலசாத கழிவில் உள்ள துவர்ப்புச் சத்தும் உப்பும் இளஞ்செடியைக் கருக்கிவிடும்.

நீரும் உப்பும்

இப்பகுதியில் பல கிணறுகளின் நீர் உப்புக் கரிப்புடையது. வயலிலாவது பெருமழை பெய்யும்போது உப்பு அடிமண்ணுக்கு இறங்கிவிடும். தொட்டியிலோ, நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றும் நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மட்டும் மண்ணிலேயே தங்குகிறது. இலை நுனி கருகுவதும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்மையான பூச்சுப் படிவதும் இதன் அடையாளங்கள். இதைக் கண்டவர் பலர் உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுகின்றனர். அதனால் கேடு அதிகரிக்குமேயன்றிக் குறையாது.

எல்லாச் செடிகளும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டினால் மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளிக்கு இந்த அளவு 2.5, பீட்ரூட் 4 வரை தாங்கும். ஆகவே கிணற்று நீரையும் தொட்டி மண்ணையும் ஒருமுறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது உசிதம்.

இதற்குப் பரிகாரம் மழைநீரே. 10 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழுகிறது. சிதறுவது போக 80 லிட்டராவது கைக்கு வரும். கோடையில் தொட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் வேண்டுமெனக் கொண்டால், பத்துத் தொட்டிகளுக்கு அது நான்கு நாளைக்குப் போதும். மழைநீர் போதாதவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் ஊருணி நீரைப் போன்ற நல்ல நீரை, அடித் துவாரத்தின் வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். மண்ணின்மேல் சருகையோ வைக்கோலையோ மூடி வைத்தால் நீர் ஆவியாவது குறையும். உப்புச் சேர்வதும் குறையும்.

விதையைப் பகிர்தல்

அண்டை வீட்டார் கேட்டவுடன் விதை எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் எல்லா விதையும் தாய்ச்செடியைப் போலவே முளைப்பதில்லை. தக்காளி, அவரை போன்றவை பெரும்பாலும் தம் மகரந்தத்தினாலேயே காய்ப்பவை. அவற்றின் விதையை நம்பிக் கொடுக்கலாம். பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் தேனீக்கள் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுசெல்வதால் இனங்கள் கலந்துபோகும். மிளகாயும் கத்தரியும் இடைப்பட்ட தன்மையுடையவை. வீரிய ஒட்டு விதையிலிருந்து விளைந்த காயின் விதையைச் சேமிப்பதில் பயனில்லை. அடுத்த தலைமுறையில் அதன் குணங்கள் பிரிந்துபோகும்.

இவ்விஷயம் இவ்வட்டாரத்தாருக்கு முக்கியமானது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையான வடிவம், தடித்த தோல், தனிக் காரம் ஆகியவையே அதன் சிறப்பு. குடியானவர்களில் பலர் சொந்தப் புஞ்சையிலேயே அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கின்றனர். அரசாங்கத்தின் விதைச் சான்று விதிகளின்படி, சான்று விதைக்காக வளர்க்கும் மிளகாய்க்கும் வேறு மிளகாய் இனத்துக்கும் இடையே 200 மீட்டரும், ஆதார விதைக்கு 400 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். புஞ்சையை ஒட்டிய வீட்டில் நீட்டு மிளகாய்த் தொட்டிகள் பூத்து நிற்குமாயின், ஓரத்துச் செடிகளின் முண்டு விதை கலப்புறக்கூடும். ஆதலால் விதைக்கென ஒதுக்கும் செடிகளைப் புஞ்சையின் நடுவிலிருந்தே தேர்ந்தெடுப்பது நல்லது. புஞ்சையருகே வீடுள்ளவர்கள் தொட்டியிலும் முண்டு மிளகாயையே வளர்ப்பது அதைவிட நல்லது.

செடியோடு வரும் பகை

பரிசாக வரும் செடியோடு பூச்சியும் வரக்கூடும். இதற்கு அண்மைக் கால உதாரணங்கள் உண்டு. மெக்ஸிகோ நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப் பூச்சி 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்டது. அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி முதலிய பல செடிகளையும் தாக்கித் தமிழ்நாட்டில் பெருஞ் சேதம் விளைத்தது. மருந்து தெளித்தும் அடங்காத அப்பூச்சி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளாலேயே கட்டுக்குள் வந்தது. செம்பருத்திக் குச்சி ஒன்றின் கணுவிலும் இலையடியிலும் வெண்பஞ்சு போல ஒட்டியிருப்பது இப்படிப்பட்ட பூச்சியாக இருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மிளகாய்க்கு வந்த ஆபத்து இதைவிட அணித்தானது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த கருநிற இலைப்பேன் 2015-இல் பெங்களூரில் பப்பாளியில் கண்டறியப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 2021-இல், அது ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பயிரைக் கடுமையாக அழித்தது. அது பூக்களுக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சுவதால் பூ உதிர்ந்துவிடும், காய் பிடியாது. அழகுக்கென வளர்க்கும் பூச்செடிகளிலும் அது வாழும். கடுகினும் சிறிய அப்பூச்சி பூவிதழுக்குள் மறைந்திருப்பது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

மண்ணோடு வரும் பகையும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாதது. தொட்டி மண்ணோடு அது இடம் மாறும். ஒருமுறை புஞ்சையில் புகுந்துவிட்டால், கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கிப் பல்லாண்டு தங்கிவிடும்.

வேண்டாத செடியை வெளியே எறிவதும் தீங்கே. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் பூவழகைக் கண்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்கு அதைக் கொண்டுவந்து வளர்த்தனர். இன்று இந்நாட்டின் எத்தனையோ குளங்களையும் ஆறுகளையும் அது மூடிக் கிடக்கிறது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. செடியைத் தொட்டி மண்ணோடு கொடுப்பதைவிடக் குச்சியாகவோ விதையாகவோ கொடுப்பது மேல். குச்சியை இலைகள் பெரும்பாலும் நீக்கி, பூவும் மொக்கும் கிள்ளி, நல்ல நீரில் கழுவிக் கொடுக்க வேண்டும்.

2. தொட்டியோடு வரும் செடியை மற்றச் செடிகளிலிருந்தும் புஞ்சையிலிருந்தும் விலக்கி, மூன்று வாரம் தனியே வைத்திருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் பூதக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். பூவை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் இலைப்பேன் இருப்பின் கீழே விழுந்து நகரும்.

3. செடியின் தண்டில் எறும்பு ஏறி இறங்குமாயின், மாவுப் பூச்சியோ அசுவினியோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது.

4. நாற்றை நடுமுன் வேரைக் கவனிக்க வேண்டும். முடிச்சுகள் கண்டால் அந்நாற்றையும் அதன் மண்ணையும் ஏற்கலாகாது. பயறு வகைச் செடிகளின் வேரிலுள்ள சிறு முண்டுகள் நன்மை செய்பவை. அவை விரலால் தள்ளினால் எளிதில் உதிரும். நூற்புழு முடிச்சு வேரோடு ஒன்றாய் வீங்கியிருக்கும்; உதிராது.

5. பூச்சி சிறிதளவே காணப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, சிறிது சோப்பு நீர் சேர்த்து மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். கரைசலை அன்றன்றே செலவழித்துவிட வேண்டும்.

6. கடுமையாகத் தாக்குண்ட செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அழிக்க வேண்டும். வரப்பிலோ, வாய்க்காலிலோ, கண்மாயிலோ எறிதல் கூடாது.

ஊர்ப் பொறுப்பிலுள்ளோர் செய்யக்கூடியவை

பயிர்ப் பகைகளைத் தனியொருவர் தம் நிலத்தில் மட்டும் ஒழித்துப் பயனில்லை என்பதை உணர்ந்தே, பூச்சி, நோய், களைகளைப் பற்றிய சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் திண்ணைத் தொட்டிவரை சட்டம் வந்து பார்ப்பது இயலாத காரியம். அங்கே ஊராரின் ஒத்துழைப்பே வேண்டும்.

ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஆடி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, செடியும் விதையும் பகிர்ந்துகொள்ள விரும்புவோரைப் பொது இடத்தில் கூட்டலாம். தோட்டக்கலை அலுவலர் ஒருவரை அன்று வரவழைத்தால், கொண்டுவரும் செடிகள் ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லவற்றைப் பகிர்ந்தளிக்கவும், பூச்சியுள்ளவற்றைப் பிரித்து வைக்கவும் ஏதுவாகும். இதனால் வளர்ப்பில் கைதேர்ந்த பெண்மக்கள் தம் அனுபவத்தை எல்லோரும் கேட்கச் சொல்லவும் வாய்ப்பு உண்டாகும். முன் காணாத பூச்சி எதுவும் தென்பட்டால் அதைச் சிறு புட்டியில் அடைத்து, தாமதமின்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்பூச்சி ஒரு தொட்டியில் இருக்கும்போது பத்து நிமிஷ வேலை; ஊர்ப் புஞ்சையில் பரவிய பின் ஒரு பருவத்து வருமானமே போய்விடும்.

செடியைக் கொடுத்து வாங்குவதை நிறுத்துவதன்று இங்கே கூறப்படுவது. கொடுக்குமுன் கொடுப்பவரும், நடுமுன் வாங்குபவரும் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால், ஊரில் செடிகள் மட்டும் பரவும், பூச்சிகள் பரவா.