பேய் வந்தால் சிரிப்பு வருவது ஏன்?

போன ஆண்டு விழா நாடகத்தில் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு வந்த பேயை மறந்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். நான் வாயைத் திறந்து அலறி, மூடியும் விட்டேன். அப்புறம்தான் ஸ்பீக்கரில் அலறல் வந்தது. "டேய், பேய் செருப்பு போட்டிருக்குடா!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு எங்கே என்று தேடியபோது, சினிமாக்காரர்களே இப்படி மாட்டியிருப்பது தெரிந்தது.

1966-ல் அமெரிக்காவில் எல் பாசோ என்ற ஊரில், உரம் விற்றுக்கொண்டிருந்த ஹரால்ட் வாரன் என்பவர் 'மானோஸ்' என்ற திகில் படம் எடுத்தார். செலவு சுமார் 19,000 டாலர். சினிமாவுக்கு இது ரொம்பக் கம்மி. அதனால் வந்த குறைகளைப் பாருங்கள்.

கேமரா: சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா. ஒரு தடவைக்குச் சுமார் 32 விநாடிதான் ஓடும். பயம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டியது. ஏறுவதற்குள் காட்சி அறுந்துவிடும்.

ஒலி: அந்தக் கேமராவில் ஒலி பதியாது. பிறகு நாலைந்து பேர் உட்கார்ந்து எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்! அதில் நடித்த சிறுமிக்குப் பேசியது ஒரு பெரிய பெண். முதல் காட்சியில் தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதைக் கேட்டு அந்தச் சிறுமி அழுதுவிட்டாளாம். எனக்கு அவள் அழுகை நன்றாகப் புரிகிறது.

வெளிச்சம்: இரவில் விளக்குப் போட்டால் விட்டில் பூச்சிகள் வரும். அவை நடிகர்களைச் சுற்றிப் பறப்பது படத்தில் அப்படியே தெரிகிறது. இதற்குப் பயந்து பகலில் எடுத்தாலும் வம்புதான். 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வரும்! சுடுகாட்டுக் கல்லறைக் கற்கள் வேறு ஆடும்.

ஆக, கண்ணும் காதும் ஒன்றையே சொன்னால்தான் நாம் நம்புவோம். நம்பினால்தான் பயம். நம்பிக்கை உடைந்தால் சிரிப்பு.

அப்படியானால் பணம் இல்லாமல் பயமுறுத்தவே முடியாதா? முடியும்! 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தைச் சுமார் 1,14,000 டாலரில் எடுத்தார். ஹாலிவுட்டுக்கு அதுவும் சில்லறைக் காசுதான். படம் கறுப்பு வெள்ளை. ஆகவே ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றினார்கள். பழுப்பு நிறம் அதில் கருஞ்சிவப்பு போலவே தெரிந்தது. இல்லாததை நினைத்து அழாமல், இருப்பதை வைத்து யோசித்தார்கள்.

இந்த ஆண்டும் பேய் வேஷம் எனக்கே வேண்டும் என்று தமிழ் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் வேண்டாம், என் தொண்டையே போதும். பாதி மேடை இருட்டாக இருக்கட்டும். செருப்பைக் கண்டிப்பாக வெளியே விட்டுவிடுவேன். சிரிப்பதற்குத் தயாராக வாருங்கள், பார்க்கலாம்!

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்