வில்லா, துப்பாக்கியா?

சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர் ஒருவரின் மகன் அருகில் வந்து, "மாமா, ஷோகன் 2 வாங்கட்டுமா, அதற்குப் பிறகு வந்த ஃபால் ஆஃப் த சாமுராய் வாங்கட்டுமா? அப்பா ஒன்றுதான் வாங்கித் தருவாராம்" என்றான். இலையில் பாயசம் விழுந்த நேரம். "புதியதையே வாங்கு, எல்லாம் அதில் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது. அதைத் திருத்திக்கொள்ளவே இக்கட்டுரை.

கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இவை சதுரங்கத்துக்குத் தூரத்து உறவு. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் தயாரித்து, சேகா நிறுவனம் வெளியிட்டவை. ஷோகன் 2 வந்தது 2011-இல், மற்றது 2012-இல். பின்னது முன்னதின் விரிவாக்கம்தான். ஆனாலும் தனித்து இயங்கும். பழையதை வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டிலும் ஜப்பான் வரைபடத்தில் முறை வைத்துக் காய் நகர்த்தி ஊர்களை வளர்க்கிறோம், வரி வாங்குகிறோம், படை திரட்டுகிறோம். இரு படைகள் சந்தித்தால் போர்க்களம் கண்முன் விரிகிறது. அங்கே முறை கிடையாது, கடிகாரம் ஓடும்.

ஷோகன் 2 தொடங்கும் ஆண்டு 1545. நாடு குறுநில மன்னர்களிடம் சிதறிக் கிடந்த காலம். ஒரு முறைக்கு ஒரு பருவம். ஆண்டுக்கு 4 முறைகள். வில், ஈட்டி, வாள், குதிரை இவைதான் பலம். ஈட்டி குதிரையைத் தடுக்கும், வாள் ஈட்டியை வெட்டும், குதிரை வில்லாளியை மிதிக்கும். போர்ச்சுகீசியர் 1543-இல் கொண்டுவந்த துப்பாக்கியும் உண்டு. ஆனால் ஒருமுறை சுட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் எதிரி வந்துவிடுவான். ஆகவே மேடு எங்கே, காடு எங்கே, எப்போது பாய்வது என்று பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும். நம் புகழ் ஓங்கியதும் ஷோகன் நம்மைப் பகைவன் என்று அறிவிப்பார். நேற்றைய நண்பர்களும் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். முதல் ஆட்டத்தில் இதை எதிர்பார்க்காமல் மூன்று வார இரவுகளின் உழைப்பை நான் பறிகொடுத்தேன். கஜானாவை நிரப்பிக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் ஆட்டத்தில்தான் புரிந்தது.

புதியது 1864-இல் தொடங்குகிறது. அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் 1853-இல் வந்து ஜப்பானின் கதவைத் தட்டிய பிறகு, பேரரசர் பக்கம், ஷோகன் பக்கம் என்று நாடு இரண்டாகப் பிளந்தது. அது 1868-69-இல் போஷின் போராக வெடித்து, ஷோகன் தரப்பின் தோல்வியில் முடிந்தது. இந்த ஆட்டத்தில் ஆண்டுக்கு 24 முறைகள். ரயில் பாதை போடலாம். நீராவிக் கப்பலைக் கரையோரம் நிறுத்தி நிலத்தில் நடக்கும் சண்டைக்குக் குண்டு பொழியச் செய்யலாம். ஆலைகளும் நவீனப் பள்ளிகளும் கட்டக் கட்ட மக்களின் அதிருப்தி வளரும். அதையும் சமாளிக்க வேண்டும். நாடு இரண்டுபடும் கட்டத்தில் நம் தரப்போடு நிற்கலாம், அல்லது இருவரையும் உதறிவிட்டுக் குடியரசு என்று தனிக்கொடி பிடிக்கலாம். தரப்போடு நின்றால் துணைக்கு ஆள் உண்டு. பழைய ஆட்டத்தின் அந்தத் தனிமை இதில் இல்லை.

அப்படியானால் புதியதுதானே மேல்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இதில் கேட்லிங் துப்பாக்கியை நாமே கையில் பிடித்துச் சுடலாம். ஒருநாள் மாலை, வாளேந்திய ஒரு படை என் வரிசையை நோக்கி ஓடிவந்தது. பழைய ஆட்டத்தில் அத்தகைய வீரர்களை உருவாக்க எத்தனை பருவங்கள் சேமித்திருக்கிறேன்! ஒரு நிமிடத்துக்குள் பாதிப் பேர் விழுந்தார்கள், மீதிப் பேர் திரும்பி ஓடினார்கள். வெற்றி என்று திரையில் எழுத்து வந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சாமுராயின் வீழ்ச்சி என்று பெயர் வைத்ததன் பொருள் அப்போதுதான் உறைத்தது. வாளின் அருமை தெரிந்தவனுக்குத்தான் அந்த வீழ்ச்சி வலிக்கும். பழையதை ஆடாதவனுக்கு அது வெறும் குறிபார்த்துச் சுடும் பயிற்சி.

ஆகவே என் யோசனை இது. இரண்டையும் என்றாவது ஆடப்போகிறவர்கள் பழையதில் தொடங்குங்கள். பீரங்கிக்குப் பழகிய கைக்குப் பிறகு வில் பிடிக்காது. ஒன்றே ஒன்றுதான் என்றால், வியூகமும் பொறுமையும் பிடித்தவர்களுக்கு ஷோகன் 2. அதிலும் முதல் ஆட்டத்துக்குச் சோசோகாபே அல்லது ஷிமாசு குலத்தை எடுங்கள். ஓரத்தில் இருப்பதால் முதுகுப் பக்கம் பயமில்லை. பீரங்கி, கப்பல், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு இவற்றில் ஆசை என்றால் தயங்காமல் புதியது.

அந்தப் பையனைச் சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். நண்பன் வீட்டில் பழையதையும் ஆடிப் பார்த்தானாம். "ரொம்ப மெதுவா போகுது மாமா, அரை மணியில் விட்டுவிட்டேன்" என்றான். குற்றம் அவனுடையது அல்ல. பாயசத்தை முடித்துவிட்டு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.