ஒளி கூடினால் மட்டும் போதாது

இரவில் பாதை தெளிவாகத் தெரிவதில்லை என்பது கார் உரிமையாளர்கள் பலரது முறைப்பாடாகும். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகள் பலரும் பழைய கார்களையே பேணி வருகின்றனர். பஞ்சிகாவத்தையில் எல்.ஈ.டி. மின்குமிழொன்றை வாங்கிப் பொருத்தினால் குறை தீர்ந்துவிடும் என அவர்களிற் சிலர் நம்புகின்றனர்.

இந்நம்பிக்கை ஆபத்தானது. ஹலோஜன் மின்குமிழின் இழை அமைந்துள்ள இடத்தைக் கணித்தே முகப்பு விளக்கின் உட்கிண்ணம் வடிவமைக்கப்படுகின்றது. பொருந்தாத மின்குமிழை அதனுள் இட்டால் கதிர்கள் சிதறி, எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்யும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 20 மீற்றரைக் கடந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் இரவு பஸ்ஸின் சாரதி அந்த ஒரு செக்கன் பார்வையிழந்தால் விளைவு என்னவாகும்?

60/55 வாற்று மின்குமிழுக்குப் பதிலாக 100 வாற்று மின்குமிழைப் பொருத்துவதும் தவறாகும். வயர்கள் சூடேறி உருகக்கூடும்.

செய்யவேண்டியவை எளியவை. மஞ்சளேறிய விளக்கு மூடியை மெருகேற்ற வேண்டும். மின்னிணைப்புகளைச் சோதிக்க வேண்டும். அதே வாற்று அளவுடைய தரமான மின்குமிழ்களை இருபுறமும் ஒருசேர மாற்றி, ஒளிவிழும் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். எதிரே வாகனம் வரும்போது ஒளியைத் தாழ்த்த வேண்டும்.

நமது பாதை துலங்குவதற்காகப் பிறரது பார்வையைப் பறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.