வீடு திரும்பும் பாட்டும் ஒற்றைத் தந்தியும்



மலருக்குக் கட்டுரை என்றதும், சிவில்காரன் சிமெண்டைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு பாட்டு வகை. சின்ன வயசில் வாழ்ந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பாடுகிற பாட்டு. அதுவும் கீபோர்டு, டிரம்ஸ் எதுவும் இல்லாமல், ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் வைத்துப் பாடுவது. ஹாஸ்டலில் கரண்ட் போனால் நம்ம பசங்க பாடுவது பெரும்பாலும் இந்த ரகம்தானே! அதைக் கேட்டால் தொண்டை அடைக்கிறதே, அது ஏன்? கவிஞர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நம்ம பாடப் புத்தகத்திலும் ஒரு பதில் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

பக்கத்து ஊரில் ஒரு பழைய பாட்டு

எனக்குச் சொந்த ஊர் முகையூர். பக்கத்தில் திருக்கோவிலூர். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு அது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது, நாங்கள் விழுப்புரத்திலேயே இருக்கிறோம். அங்கே தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. கபிலர் குன்று என்பார்கள். பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரி, மூவேந்தர் முற்றுகையில் இறந்தான். அவன் மகளிர் இருவரையும் நண்பர் கபிலர் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டு, பெண்ணைக் கரையில் அவர் உயிர் விட்டதாகத் திருக்கோவிலூர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. பறம்பு என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. அங்கிருந்து திருக்கோவிலூர் நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 200 கிலோமீட்டர்!

அந்தப் பெண்கள் பாடியதுதான் புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. மொத்தம் ஐந்தே அடி. போன மாதம் முழு நிலா வந்தபோது அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் முழு நிலா வந்திருக்கிறது, மலையும் போயிற்று, அப்பாவும் இல்லை. பாட்டின் சாரம் இவ்வளவுதான். "அழுதோம்", "துடித்தோம்" என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் படித்தவர் மறப்பதில்லை.

நிலா என்கிற பெஞ்ச் மார்க்

இதன் சூட்சுமம் என்ன? சர்வே பிராக்டிகலை நினைத்துப் பாருங்கள். ஒரு இடம் எவ்வளவு உயரம், எவ்வளவு பள்ளம் என்று அளக்க முதலில் என்ன வேண்டும்? ஆடாமல் அசையாமல் நிற்கிற ஒரு புள்ளி. அதுதான் பெஞ்ச் மார்க். அது இல்லாவிட்டால் ஸ்டாஃப் ரீடிங் எல்லாம் வெறும் எண்கள்தான்.

பாரி மகளிர் பாட்டில் பெஞ்ச் மார்க் நிலாதான். அது அப்படியே இருக்கிறது. அதனால்தான் மற்றதெல்லாம் எவ்வளவு இறங்கிப் போயிற்று என்று நமக்குத் தெரிகிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'தி ஹவுஸ் தட் பில்ட் மீ' என்று அமெரிக்காவில் 2010-ல் பிரபலமான பாட்டு ஒன்று. டாம் டக்ளஸ், ஆலன் ஷாம்ப்ளின் இருவரும் எழுதியது. மிராண்டா லாம்பர்ட் பாடிக் கிராமி விருது வாங்கினார். வளர்ந்துவிட்ட ஒரு பெண், தான் வளர்ந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறாள். இப்போது அங்கே இருப்பது வேறு யாரோ. கொஞ்சம் உள்ளே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்கிறாள். படியில் பதிந்த சின்னக் கையின் அடையாளம், செல்ல நாயைப் புதைத்த மரத்தடி என்று நகராத பொருள்களையே பாட்டு காட்டிக்கொண்டு போகிறது. நிலாவுக்குப் பதில் வாசற்படி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் ஒற்றைத் தந்தி?

கிட்டார் தந்தியைத் தனியாக மீட்டினால் சத்தம் அதிகம் வராது. மெல்லிய கம்பி எவ்வளவு காற்றைத் தள்ளும்? அதன் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. பலகையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்துதான் நம் காதுக்கு வருகிறது. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். தடித்த ஆறாம் தந்தியை வழக்கமான சுருதியில் வைத்தால் விநாடிக்கு 82 அதிர்வு. மெல்லிய முதல் தந்திக்கு 330.

முக்கியமான விஷயம் இனிதான். நாதஸ்வரத்துக்கு மூச்சும், வயலினுக்கு வில்லும் விடாமல் சக்தி கொடுக்கின்றன. மீட்டும் வாத்தியத்துக்கு விரல் ஒரே ஒரு தடவைதான் சக்தி கொடுக்கிறது. பிறந்த நொடியிலிருந்தே அந்த நாதம் தேய ஆரம்பிக்கிறது. ஞாபகமும் அப்படித்தானே! அதனால்தான் இந்தப் பாட்டுக்கு இந்த வாத்தியம் இவ்வளவு பொருந்துகிறது.

சங்க காலப் பாணர் கையில் இருந்த யாழும் மீட்டும் வாத்தியமே. அதன் தந்திக்குத் தமிழில் நரம்பு என்றே பெயர். பிற்காலத்தில் யாழ் வழக்கொழிந்தது. பழைய நூல்களின் குறிப்புகளை வைத்து, நரம்புகளின் சுருதிகளைக் கணக்குப் போட்டு, 1947-ல் 'யாழ் நூல்' வெளியிட்டார் ஈழத்து விபுலானந்த அடிகள். அவர் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து அறிவியலில் டிப்ளமா வாங்கியவர். ஆமாம் நண்பர்களே, நம்ம ஜாதி!

காலி வீடு ஏன் முழங்குகிறது?

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் ஓடு, பின்னால் தளம் போட்ட அறை ஒன்று. அக்கா கல்யாணக் கடனுக்காக, நான் ஒன்பதாவது படிக்கும்போது வீட்டை விற்றோம். கட்டில், அரிசி டிரம், பாய், கொடியில் கிடந்த ஆயாவின் புடவைகள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. பின்னறையிலிருந்து அம்மா, "தம்பி, விளக்கை எடுத்தாச்சா?" என்று கேட்டார். அவர் குரலே வேறு மாதிரி முழங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று காரணம் தெரியவில்லை, இப்போது கணக்குத் தெரியும்.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் முழங்கிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து போட்டு, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் ஒலியளவால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

எங்கள் பின்னறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கன அளவு 34 கன மீட்டர். சுவர், தரை, தளம் சேர்த்து 63 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 3 பங்கை உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்த உறிஞ்சல் 1.9. நேரம் கிட்டத்தட்ட 2.9 விநாடி. மெத்தை, துணிமணி, ஆட்கள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சலை 8 ஆக்கினால், நேரம் 0.7 விநாடிதான்.

அதாவது நாம் குடியிருந்தபோது நம் குரலை அந்த வீடு வாங்கிக்கொண்டது. காலி செய்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆயாவின் புடவையும் அந்தக் கணக்கில் ஒரு உறுப்பு! வீடு என்று நாம் நினைப்பது சுவரை மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

டிப்ளமா முடிந்ததும் நம்மில் பலர் சென்னை, ஓசூர், வளைகுடா என்று கிளம்பிவிடுவோம். திரும்பி வரும்போது வீடு அப்படியே இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. விற்ற வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டு மாடி கட்டிவிட்டார். அது அவர் உரிமை. வாசலில் நின்ற வேப்பமரத்தை மட்டும் வெட்டவில்லை. பஸ்ஸில் போகும்போது எனக்கு அதுதான் பெஞ்ச் மார்க்.

உங்கள் வீடு இன்னும் நிற்கிறதா? அடுத்த லீவில் டேப்பை எடுத்து அளந்து, 1:50 அளவில் ஒரு பிளான் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். கட்டில், பாய், துணிமணி எல்லாம் இருக்கும்போதே செய்யுங்கள். பாரி மகளிருக்கு மலை திரும்பக் கிடைக்கவில்லை, பாட்டுதான் மிஞ்சியது. நமக்கு ஒரு பிளானும் ஒரு பாட்டுமாவது மிஞ்சட்டும்!



— மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை