பழைய சாமான்களைக் கொண்டு தோட்ட முகப்பில் காய்கறிக் கடை அமைத்தல்

காவிரியின் வடகரையில் அமைந்த மோகனூர்ப் பகுதியில் வாழை, வெற்றிலை, கரும்பு, கோரை முதலிய பயிர்கள் வாய்க்கால் பாசனத்தில் செழித்து வளர்கின்றன. கரும்புக்கு மோகனூரிலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. ஆனால் வரப்போரத்திலும் கிணற்றடியிலும் விளையும் கத்தரி, வெண்டை, கீரை, அவரை ஆகியவற்றுக்கு அத்தகைய ஆதரவு இல்லை. காலையிற் பறித்த காய் வாடுமுன் விலைபோக வேண்டும்; இன்றேல் கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேரும்.

இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. 2024ஆம் வருஷம் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விளைவித்தவருக்குச் சேர்வது சுமார் 33 காசு. வாழைப்பழத்தில் சுமார் 31 காசு. இக்குறையை நீக்கும் பொருட்டே 1999ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14ந் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் நாமக்கல் உட்பட மாநிலமெங்கும் அவை பரவின. எனினும், நாளொன்றுக்கு இருபது முப்பது கிலோ மட்டும் பறிக்கும் சிறு தோட்டக்காரர், அதற்காக நகரம் சென்று வருவதில் வண்டிச் சத்தமும் அரை நாள் வேலையும் கழிந்துவிடும். சாலையையொட்டி நிலமுடையோர் தம் தோட்ட முகப்பிலேயே சிறு கடை வைப்பது இவர்களுக்கு ஏற்ற வழியாம். ஆனால் கடன் வாங்கிக் கடை கட்டினால் வரும் இலாபம் வட்டிக்கே போய்விடும். ஆகவே பழைய சாமான்களைக் கொண்டே அமைத்தல் நலம்.

இடம்

கடை, பட்டா நிலத்தின் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும். சாலைப் புறம்போக்கில் நட்ட கால்கள் என்றைக்கும் அகற்றப்படலாம். எல்லைக்கல் தெரியாவிடில் கிராம நிர்வாக அலுவலர், நில அளவர் ஆகியோரைக் கொண்டு முதலில் எல்லையை உறுதி செய்துகொள்க. சாலை வளைவில் கடை வைத்தல் ஆகாது. வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம் விடுதல் அவசியம். மேற்கு வெயிலே காய்களை மிகுதியும் வாட்டுவதால், மேற்குப் புறத்தை அடைத்து, வடக்கு அல்லது கிழக்கு நோக்கி வாயில் வைப்பது நன்று.

தூண்களும் கூரையும்

பத்தடி நீளமும் எட்டடி அகலமும் போதும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் தொழில் மிகுதியாதலின், கழித்த இரும்புக் குழாய்கள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைப்பதுண்டு. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கழித்த பலகைகள் மேடைக்கும் தட்டுகளுக்கும் உதவும். முன்கால்கள் தரைக்கு மேல் எட்டடியும் பின்கால்கள் ஆறரை அடியும் இருக்குமாறு இரண்டடி ஆழம் புதைத்து ஜல்லிக் கலவை இடுக. அப்போது மழைநீர் வாங்குவோர் தலையில் விழாது பின்புறம் வடியும். ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கக்கூடும். ஆகவே ஆணியை மட்டும் நம்பாது கொக்கிப் போல்ட்டுகளால் பிணைத்தல் வேண்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் உள்ளே வெப்பம் தணியும். மேற்குப் புறத்துக்குக் கழிவுக் கோரையால் முடைந்த தட்டியே போதும்.

குளிர்த் தொட்டி

கடையின் உயிர்நிலை இதுவே. மின்சாரம் வேண்டாத இம்முறை புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. நிழலான இடத்தில் ஐந்தரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் உள்ள தளமாகப் பழைய செங்கல் பரப்பி, அதன்மேல் இரட்டைச் சுவர் இரண்டேகால் அடி உயரம் எழுப்புக. இரு சுவர்களுக்கும் இடையே மூன்றங்குலம் விட்டு, அவ்விடைவெளியில் மணல் நிரப்புக. சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு கூடாது. பூசினால் ஈரம் வெளியே கசியாது. காலையும் மாலையும் மணலையும் செங்கலையும் நனைத்து, கோரை அல்லது வைக்கோல் மூடியையும் நனைத்து மூடுக. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்ப்பதால், வறண்ட கோடையில் உட்புறம் வெளியைவிடப் பத்து முதல் பதினைந்து பாகை வரை குளிர்ந்திருக்கும். மழைக்காலத்தில் பயன் குறையும்.

கீரை, வெண்டை, கத்தரி ஆகியவற்றை இதில் வைக்கலாம். சின்ன வெங்காயத்தை வைத்தல் ஆகாது, ஈரத்தில் அழுகும். பழுத்த வாழையைக் கீரையுடன் வைத்தால் பழத்தினின்று எழும் வாயுவால் கீரை மஞ்சளாகும்.

விலக்கத் தக்கவை

பூச்சிமருந்து இருந்த டப்பாக்களையும் பீப்பாய்களையும் எவ்வளவு கழுவினும் இக்கடையில் உபயோகித்தல் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளை அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு, அவற்றைத் தவிர்க்கவும். கரையான் அரித்த மரமும் துருவேறிப் பொத்தலான குழாயும் மலிவாயினும் வாங்கத் தக்கவையல்ல.

நடத்தும் முறை

தராசு முத்திரையிட்டதாக இருத்தல் வேண்டும். அன்றைய உழவர் சந்தை விலையை அறிந்து பலகையில் எழுதி வைத்தால் பேரம் குறையும், நம்பிக்கை வளரும். நாள்தோறும் பறித்தது, விற்றது, மிஞ்சியது ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வருக. மிஞ்சுவது தொடர்ந்து கூடினால், பறிக்கும் அளவையோ பயிரையோ மாற்ற வேண்டும் என்பதை அக்கணக்கே காட்டும். பக்கத்துத் தோட்டக்காரர் இருவர் மூவர் சேர்ந்து முறை வைத்துக் கடையிலிருந்தால், ஒருவர் வேலையும் கெடாது, காய்வகையும் பெருகும்.

காய் ஒரு நாள் கூடுதலாக வாடாதிருப்பின், விலை சொல்லும் உரிமை அந்நாள் முழுதும் விளைவித்தவர் கையிலேயே நிற்கும். நிழலும் ஈரமும் சேர்ந்து அளிக்கும் இந்நன்மையைக் கருதி, சாலையோர நிலமுடைய விவசாயப் பெருமக்கள் இம்முறையைக் கைக்கொண்டு பயன்பெறுவார்களாக.