தீம்பாருக்குள்ளே ஒரு கடாரம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் வாயில் ஒரே பேச்சுதான். "அப்பா, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க!" கேமரன் மலைக்கும் லங்காவிக்கும் போய்த் தங்க நம் சம்பளம் இடங்கொடுக்குமா? ஆனால் கெடாவில் இருக்கிற நமக்கு ஒரு வேனும் ஒரு தார்ப்பாயும் போதும்.

சென்ற விடுமுறையில் கூலிம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்கு குடும்பங்கள் இரண்டு வேன்களில் கிளம்பினோம். சுங்கை பட்டாணியில் 1936-இல் எழுந்த மணிக்கூண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பசியாறிவிட்டு, பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் சாலையைப் பிடித்தோம்.

வழியில் சுங்கை பத்து. இரு பக்கமும் செம்பனை மரங்கள். நடுவே மண்ணைத் தோண்டி, மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடம் இது. பழங்காலத்தில் இங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழல்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்தவர். குழலை உற்றுப் பார்த்து, "நம்ம துருத்தி மாதிரிதான்டா இது!" என்றார்.

அடுத்து மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம். 1980-இல் திறக்கப்பட்டது. அதன் வளாகத்திலேயே ஓடை ஓரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயில் நிற்கிறது. 'பத்து' என்றால் கல், 'பஹாட்' என்றால் உளி. உளி பட்ட கல் மலை! 1936, 37-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற வெள்ளைக்காரர் அகழ்ந்ததை, 1960 வாக்கில் அலஸ்டேர் லேம்ப் என்பவர் மீண்டும் அடுக்கி எழுப்பினார்.

"கூரை எங்கப்பா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. நல்ல கேள்வி! தூணும் கூரையும் மரத்தால் ஆனவை, மக்கிப் போயின. தூண் நின்ற கல் மட்டும் மிச்சம். நம் தோட்டத்துக் கோயில்களும் மரமும் தகரமுமாகத் தொடங்கியவைதானே?

1025-இல் இராசேந்திர சோழன் படையெடுத்து வந்த கடாரம் இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடலில் வந்தவர்களுக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைதான் அடையாளம். ஆனால் படை வருவதற்கு முன்பே இங்கே வணிகம் நடந்தது. இந்து சமயமும் பௌத்தமும் வாழ்ந்தன.

மாலையில் மலையடிவாரத்துத் துப்பா நீர்வீழ்ச்சிக்குப் போய்த் தார்ப்பாயைக் கட்டினோம். ஆற்றை ஒட்டி அல்ல, மேட்டில்! கவனியுங்கள். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயர்' திடீரென்று இறங்கும். 2021 ஆகஸ்டு 18-இல் இதே ஜெராய் மலையிலிருந்து வந்த வெள்ளம் யான் பகுதியில் உயிர்களைக் கொண்டு போனது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். சட்டி பானையைப் பற்றி நினைக்காதீர்கள்.

இரவு, நெத்திலி சம்பலும் சோறும் சாப்பிட்டு உட்கார்ந்தபோது ஒரு பாட்டி சொன்னார்: "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்போ, காட்டுல கெடந்த இந்த மாதிரி செங்கல்லைத்தான் எங்கம்மா அடுப்புக்கு வச்சாங்க. சாமி வீட்டுக் கல்லுன்னு யாரு கண்டா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு 2013-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. சுங்கை பத்துத் தோட்டத்தில் 11-ஆம் எண் பழங்கோயிலை மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளிய செய்தி அந்த ஆண்டு இறுதியில் நாட்டையே உலுக்கியது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது! நிலம் தனியாருடையது, கோயிலோ அரசாங்கப் பதிவேட்டில் ஏறவில்லை. அவ்வளவுதான் காரணம்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயிலுக்கே இந்தக் கதி என்றால், தோட்டம் கைமாறும்போது நம் மாரியம்மன் கோயிலுக்கு என்ன கதி? பத்திரம் இல்லாதது பழையதானாலும் புதியதானாலும் புல்டோசருக்கு ஒன்றுதான்.

ஆகவே மூன்று வேலை செய்வோம். முதலாவது, தோட்டத்துக் கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் இன்றே விசாரியுங்கள். தோட்டம் விற்ற பிறகு ஓடுவதில் பயனில்லை. இரண்டாவது, கோயில், பள்ளி, லயன் வீடு எல்லாவற்றையும் படம் எடுத்து, பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். மூன்றாவது, தீம்பாரில் பழைய கல்லோ செங்கல்லோ பானையோ கண்டால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

மறுநாள் காலை குப்பையை மூட்டை கட்டி வேனில் ஏற்றினோம். திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிறுமி செம்பனை மரங்களுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா தேடுற?" என்றேன்.

"கல்லு இருக்கான்னு பார்க்கிறேன் மாமா" என்றாள்.

அந்தக் கண் நமக்கும் வேண்டும்!