பல்லைக் கடிக்கும் ஸ்பேனர்!

டபுள் எண்ட் ஸ்பேனர் ஒண்ணைக் கையில எடுங்க பாஸ். வீட்டுல இல்லேன்னா, தெருமுனை டூ-வீலர் மெக்கானிக் அண்ணன்கிட்ட ரெண்டு நிமிஷம் கடன் கேளுங்க. அதோட வாயை உத்துப் பாருங்க. கைப்பிடிக்கு நேரா இல்லாம லேசா கோணிக்கிட்டு இருக்குல்ல? செஞ்சவங்க கோட்டை விட்டுட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. அது கணக்குப் போட்டு வெச்ச கோணல்... 15 டிகிரி!

ஆறு பக்கம் உள்ள நட்டுல ஸ்பேனரைக் கழட்டி அடுத்த பிடி பிடிக்கணும்னா, நட்டு 60 டிகிரி சுத்தியிருக்கணும். வாய் நேரா இருந்தா ஒவ்வொரு முறையும் கைப்பிடியை அவ்வளவு தூரம் தள்ளியாகணும். 15 டிகிரி சாய்ச்சு வெச்சுட்டா, ஒவ்வொரு தள்ளுக்கும் ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டி, 30 டிகிரியிலேயே வேலையை முடிச்சுடலாம். பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 டிகிரிதான்.

25 செ.மீ. நீளக் கைப்பிடியோட நுனி 30 டிகிரிக்கு சுமார் 13 செ.மீ. நகரும். வெட்டவெளியில இது ஒரு மேட்டரே இல்ல. கார் பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கிற போல்ட்டைக் கழட்டிப் பாருங்க... 13 செ.மீ. எங்கே போறது? கை நுழைஞ்சாலே கும்பிடு போடணும்!

இங்கேதான் ராட்செட் என்ட்ரி கொடுக்குது. சைக்கிள்ல பெடல் போடறதை நிறுத்தினதும் பின் சக்கரத்துல 'டிக்டிக்டிக்'னு ஒரு சத்தம் கேட்குமே, அதே டெக்னிக்தான். ஒரு பல்சக்கரம். அது மேல ஸ்பிரிங் தள்ளி நிக்கிற ஒரு சின்ன நாக்கு. ஒரு பக்கம் சுத்தினா நாக்கு பல் மேல வழுக்கிக்கிட்டுப் போகும். எதிர்ப்பக்கம் சுத்தினா மாட்டிக்கும். இந்த நாக்குக்கு எங்க பாடப் புத்தகத்துல பேரு 'பால்'. காபியில ஊத்தறது இல்லீங்க! குழப்பம் வேணாம், நாக்குன்னே வெச்சுக்குவோம்.

ஸ்பேனரைக் கழட்டி மாட்டற வேலையே இனி இல்ல. நாக்கு அடுத்த பல்லுல விழற அளவுக்குக் கைப்பிடி அசைஞ்சா போதும். 36 பல் இருந்தா 10 டிகிரி. 72 பல்லுன்னா 5 டிகிரி, அதாவது அதே 25 செ.மீ. கைப்பிடியோட நுனி வெறும் 2.2 செ.மீ. நகர்ந்தா போதும்! 120-ன்னா 3 டிகிரி, 1.3 செ.மீ.தான்.

அப்போ பல்லைக் கூட்டிக்கிட்டே போக வேண்டியதுதானேன்னு தோணும். பெட்டி மேல '72 பல்'னு கொட்டை எழுத்துல போட்டு விக்கிறதும் அதை நம்பித்தான். ஆனா, அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்து ராட்செட்டை எடை போடறது, மெகாபிக்ஸலை மட்டும் பார்த்து கேமரா வாங்கற மாதிரி!

சின்னதா ஒரு கணக்கு. பல்சக்கரத்தோட விட்டம் 25 மி.மீ.னு வெச்சுக்கங்க. ஆரம் 12.5 மி.மீ. கைப்பிடி நீளம் 250 மி.மீ. அதைவிட இருபது மடங்கு. நீங்க நுனியில 20 கிலோ பலத்துல அழுத்தினா, உள்ளே பல்லு மேல விழற பாரம் 400 கிலோ! அதைத் தாங்குற பல் எவ்வளவு பெரிசு? சக்கரத்தோட சுற்றளவு 78.5 மி.மீ. 36 பல் வெட்டினா பல்லுக்குப் பல் 2.2 மி.மீ. தூரம். 72 வெட்டினா 1.1. 120 வெட்டினா 0.65 மி.மீ.தான். பல் சின்னதானா ஆழமும் குறையும், நாக்குக்குப் பிடிமானமும் குறையும். பிடி நழுவுச்சோ... மொத்த வேகத்தோட உங்க விரல் முட்டி போய் இரும்புல மோதும். மெக்கானிக் அண்ணன்களோட கைத் தழும்பைக் கேளுங்க, கதை கதையா சொல்லும்.

டிசைனர்கள் இதுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. ஒண்ணு, நாக்குலயே வரிசையா பல பற்கள் வெட்டி, பாரத்தைப் பங்கு போடறது. ஆனா எல்லாப் பல்லும் ஒரே நேரத்துல உக்காரணும். கொஞ்சம் துல்லியம் தப்பினாலும் ஒரே பல்லு மொத்தத்தையும் சுமக்கும், உடையும். இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. சக்கரத்துல 60 பல்தான். ஆனா ரெண்டு நாக்கு, ஒண்ணுக்கொண்ணு அரைப் பல் தள்ளி. ஒண்ணு மாட்டறப்போ இன்னொண்ணு பாதி வழியில இருக்கும். மாறி மாறி மாட்டறதால 120 பல்லோட வேலை நடக்கும், பல்லு மட்டும் 60-ஓட சைஸ்ல கெட்டியா இருக்கும்!

இன்னொரு விஷயம். ஸ்பிரிங்தான் நாக்கை அழுத்திப் பிடிச்சு பாரம் தாங்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. ஸ்பிரிங் நாக்கைப் பல்லு வரைக்கும் கொண்டுபோய் விடறதோட சரி. பாரம் ஏற ஏற, நாக்கு தானே இன்னும் உள்ளே இழுபடற மாதிரி அதோட கோணம் இருக்கணும். கோணம் தப்பா இருந்தா, பாரமே நாக்கை வெளியே தள்ளிடும்.

பெட்டி மேல போடாத சமாச்சாரம் ஒண்ணு சொல்றேன். லூஸான நட்டை ராட்செட்ல கழட்டறப்போ, கைப்பிடியைப் பின்னாடி கொண்டுவந்தா நட்டும் கூடவே திரும்பி வந்துடும்! நாக்கு பல் மேல உரசற உரசல், நட்டோட இறுக்கத்தைவிட அதிகமாயிட்டா இதுதான் கதி. வெளியிடத்துல விரலால சாக்கெட்டைப் பிடிச்சுக்கலாம். ஆனா விரல் போகாத இடத்துக்குத்தானே ராட்செட்டே வாங்கினோம்! அதனால கடையில எடுத்ததும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, சாக்கெட் மாட்டற சதுர முனையை ரெண்டு விரலால மட்டும் சுத்திப் பாருங்க. வழுக்கிக்கிட்டுச் சுத்தினா நல்ல ராட்செட். மல்லுக்கட்டினா வெச்சுட்டு வந்துடுங்க. கெட்டி கிரீஸை உள்ளே அப்பினாலும் இதே ரோதனைதான். நாக்கு சரியா விழாம நழுவுற ஆபத்து வேற.

தலையோட கனமும் முக்கியம். ரிங் ஸ்பேனருக்குள்ளேயே ராட்செட் வெச்சு வர்றதுல திசை மாத்தற சுவிட்ச் இல்லாத மாடல் ஒல்லியா இருக்கும், இடுக்குல சுலபமா நுழையும். திசை மாறணும்னா கழட்டிப் புரட்டி மாட்டணும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'லதான் ஆப்பு இருக்கு! போல்ட்டைக் கழட்டக் கழட்ட அது வெளியே வந்துக்கிட்டே இருக்கும். எதிர்ல சுவர் மாதிரி ஏதாவது இருந்தா, போல்ட் தலைக்கும் அதுக்கும் நடுவுல ஸ்பேனர் சிக்கிக்கும். உருவ முடியாது. புரட்டினாத்தான் திருப்பி முடுக்க முடியும், உருவினாத்தான் புரட்ட முடியும்! சுவிட்ச் வெச்ச மாடல்ல ஒரு தட்டு தட்டி எதிர்ப்பக்கம் முடுக்கி வெளியே வந்துடலாம். ரெண்டு மி.மீ. கூடுதல் கனம் போனாப் போகுதுன்னு நான் சுவிட்ச் கட்சி.

கடைசியா, நம்ம செட் பையன் ஒருத்தனைப் பத்தி. பீட்டர் ராபர்ட்ஸ். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல, கார்ட்னர் ஊர் சியர்ஸ் கடையில சேல்ஸ் கிளார்க். 1963-ல அவருக்கு வயசு 18. கிரீஸ் கையோட சாக்கெட்டை ராட்செட்ல இருந்து பிடுங்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமேன்னு, தலைக்குப் பின்னாடி ஒரு பட்டன் வெச்சார். கட்டை விரலால அழுத்தினா சாக்கெட் கழண்டு விழும். ஒரு கை போதும்!

1965-ல பேடன்ட் கிடைச்சது. 'இது பெரிசா விக்காது'ன்னு சொல்லி, ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட், மொத்தமா 10,000 டாலருக்கு மேல கிடையாதுன்னு சியர்ஸ் ஒப்பந்தம் போட்டது. ஒன்பதே மாசத்துல அஞ்சு லட்சம் ராட்செட் வித்து அந்த 10,000 டாலர் கணக்கு முடிஞ்சுபோச்சு. 1975-க்குள்ள விற்பனை ஒரு கோடியே 90 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

1969-ல ராபர்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். தன்னை ஏமாத்திட்டாங்கன்னு அவர் சொன்னதை ஏத்துக்கிட்டு, 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. 1978-ல அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செஞ்சது. அதுக்கப்புறமும் பேடன்ட் யாருக்குங்கிற வழக்கு இழுத்து, 1989-லதான் சமரசமாச்சு. மொத்தம் 20 வருஷம், என்னோட வயசு!

ராட்செட் கடன் வாங்கினீங்கன்னா தலைக்குப் பின்னாடி பாருங்க, அந்தப் பட்டன் இருக்கான்னு. இருந்தா ஒரு தடவை அழுத்துங்க. சாக்கெட் காலுல விழாமப் பார்த்துக்கங்க!